மொட்டைவண்டி பாய்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துவிடவில்லை. ஆலங்காயம் சாலையில் இருந்த தன் பட்டறைக்கே அவர் பெயர்ப்பலகை வைத்ததில்லை. யாராவது கேட்டால், "போர்டு இல்லாட்டி பட்டறை நின்னுடுமா?" என்பார். நின்றுவிடாது என்று நாம் ஒப்புக்கொள்ளும்வரை கண்ணை எடுக்க மாட்டார். ஒப்புக்கொண்டதும், "அப்ப அது இன்னாத்துக்கு?" என்று ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொள்வார். பெயர் இல்லாமலே இந்தக் கதையும் ஓடும் என்றுதான் சொல்லியிருப்பார்.

வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலை அடிவாரம்வரை எல்லோருக்கும் அவர் பாய். பின்னாளில் மொட்டைவண்டி பாய். அந்தப் பட்டம் அவருக்கு வந்ததில் எனக்குப் பங்கு உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரியும். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கும் எண்பத்தாறு ஆகிறது.

உயரமான, ஒல்லியான மனிதர். சட்டையில் காலர் இருக்காது, பை இருக்காது. தையற்காரர் பழக்கதோஷத்தில் பை வைத்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் பிளேடால் நூலைப் பிரித்து எடுத்துவிடுவார். யுத்த காலத்தில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவர். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறை பேசினார்.

"மணல்ல ஒரு வண்டி நின்னு போச்சு தம்பி. நாலு நாள் கழிச்சு நாங்க போய்ப் பாத்தோம். உள்ள மூணு பேரு. காஞ்சு போய்ட்டாங்க. வண்டில ஒரு கடிகாரம் வெச்சிருந்தாங்க. அது ஓடிகினே இருந்துச்சு."

பட்டறையை ஒட்டியிருந்த அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு கடிகாரம் இருந்தது. மணியடிக்கும் பகுதியைக் கழற்றிப் போட்டிருந்தார். நேரம் பார்க்கத்தானே கடிகாரம், கத்துவதற்கு எதற்கு என்பது அவர் கட்சி. ஒருநாள் அவர் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து என்னிடம் முறையிட்டார். "நீங்களே கேளுங்க தம்பி, நான் இல்லாட்டி இந்த வூடு நின்னுடுமான்னு. அதுக்கு மட்டும் பதில் சொல்லமாட்டேன்றாரு."

பாய் டீயை உறிஞ்சிக்கொண்டே, "நின்னுடும்" என்றார். சிரிக்கவில்லை.

நாங்கள் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் வாங்குகிறவர்கள். கடுக்காய் தோல் பதனிடும் வாணியம்பாடி ஷாப்புகளுக்குப் போகும், புளி வேலூருக்குப் போகும். எங்கள் லாரி பாயிடம்தான் பழுது பார்க்கப் போகும். நான் பி.ஏ. படித்துவிட்டு அப்பாவின் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை இல்லாத நேரங்களில் பட்டறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் பேச்சு எனக்குப் பிடிக்கும். உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கூடிய ஒரே படித்தவன் நான் என்ற எண்ணம் அதைவிடப் பிடிக்கும்.

கண்ணமங்கலத்து ரைஸ்மில் முதலாளி ஒருவர் அவ்வளவு தூரத்திலிருந்து தன் பழைய காரை இவரிடம் கொண்டுவருவார். ஒரு தடவை பிரேக் சரிசெய்ய விட்டுப்போன காரிலிருந்து பாய் பூச்சாடி, சாம்பல் கிண்ணம், இரண்டாவது ஹாரன், முகப்பில் இருந்த வெள்ளிப் பறவை எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தார்.

"இன்னா பாய் இது?"

"இதெல்லாம் வண்டி இல்ல முதலாளி. வண்டில ஏறி ஒக்காந்துகினு வந்த சாமான். இப்ப ஏத்தத்துல இழுக்கும் பாருங்க."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "பறவைய வை மொதல்ல" என்றார். பாய் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினார். நானும் பாயும் அவர் போன பிறகு சிரித்தோம். அன்று நான் சிரித்திருக்கக் கூடாது. கவனித்திருக்க வேண்டும்.

அந்நாளில் புதிய கார் வேண்டுமென்றால் பணம் மட்டும் போதாது. பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாதாரண ஜனங்களுக்கென்று மலிவாக ஒரு சின்ன கார் வரப்போகிறது என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். கார் வராது. டீக்கடைகளில் எல்லோரும் ஒரே குரலில் பொருமுவார்கள்: "நமக்கு இன்னா பவுசா வேணும்? போன்னா போவணும், நில்லுன்னா நிக்கணும். அவ்ளோதானே?"

இதைப் பாய் அப்படியே நம்பினார்.

ராணுவக் கிடங்கு ஒன்றில் எட்டுப் பழைய ஜீப்புகள் ஏலத்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. ஏற்கெனவே ஒன்றை எடுத்துவந்து அவர் தன் இஷ்டப்படி செய்து வைத்திருந்தார். என்ஜினைப் பிரித்துப் புதிதாக்கியிருந்தார். பிரேக், ஸ்டியரிங், சக்கரங்கள் எல்லாம் கச்சிதம். உட்காரப் பலகை. மழைக்குத் தார்ப்பாய். சட்டத்துக்காக ஒரு ரப்பர்ப் பந்து ஹாரன். கதவு கிடையாது. பெயிண்ட் கிடையாது; துருப்பிடிக்காமலிருக்கச் செங்காவி மட்டும் பூசியிருந்தார். அதில் நான் அவரோடு எத்தனையோ முறை மலை ஏறியிருக்கிறேன். பாதி ஜல்லியும் பாதி மண்ணுமாக இருந்த அந்த மலைப்பாதையில், லாரிகள் பெருமூச்சுவிட்டு நிற்கும் வளைவுகளில், அது ஒரு தடவைகூட நின்றதில்லை.

"எட்டையும் இதே மாரி பண்ணிடுவேன் தம்பி. புது கார் வெலயில கால்வாசிக்குக் குடுக்கலாம். ஆனா வூட்டையும் பட்டறையையும் அடமானம் வெச்சாத்தான் ஏலத்துக்குப் போவ முடியும். எட்டு பேரு எடுப்பாங்கன்னு தெரிஞ்சா வெப்பேன். இல்லாட்டி வேணாம். நீங்க படிச்சவரு, நாலு ஊரு போறவரு. கேட்டுகினு வாங்க. நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி. இந்த மூன்று சொற்கள்தான்.

நான் புதிய நோட்டு ஒன்று வாங்கினேன். கோடு போட்டேன். முதல் பெயராக என் பெயரை எழுதினேன். அப்படி எழுதியபோது, வேலூரில் புதிய காருக்கு நான் பெயர் பதிந்த சீட்டு என் மேசை இழுப்பறையில் இருந்தது. அது பாய்க்குத் தெரியாது. இரண்டும் வேறு வேறு விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாணியம்பாடி, கண்ணமங்கலம், படவேடு என்று புளி வியாபாரத்துக்குப் போன இடத்திலெல்லாம் கேட்டேன். கடைவாசலில், டீக்கடை பெஞ்சில், நாலு பேர் இருக்கும்போது கேட்டேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாய் வண்டியா? எழுதுங்க சார் என் பேர!" வெள்ளிப் பறவையைத் திரும்ப வைக்கச் சொன்ன ரைஸ்மில் முதலாளிகூட, "எனக்கும் ஒண்ணு. மில்லுக்கு அதான் தோது" என்றார். பதினான்கு பெயர்கள் சேர்ந்தன.

கடைசியாக மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தை. அங்கே எங்களுக்கு வருஷா வருஷம் புளி கொடுக்கும் மலைக்காரர் ஒருவர், ஒரு ஊரின் நாட்டாமை. கூட்டத்தில் கேட்டபோது அவரும் இன்னும் இரண்டு மலைக்காரர்களும் "எழுது எழுது" என்றார்கள். எழுதி முடித்ததும் நாட்டாமை என் கையைப் பிடித்து மாடுகள் கட்டியிருந்த பக்கமாக அழைத்துப் போனார்.

"சாமி, ஊரு நடுவுல நின்னுகினு கேட்டா எவன் வேணாம்னு சொல்லுவான்? பாய் நல்ல மனுசன். அவரு மனசு நோவும்னு ஒரு பக்கம். எனக்குப் பவுசு வேணாம்னு சொல்றதுல ஒரு பவுசு, அது ஒரு பக்கம்."

"வேற எப்படிக் கேக்கறது?"

"மாட்டுக்கு எப்படிக் கேக்கறோம்?"

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைப் பிடித்துக் கேட்பார்கள். ஊருக்குக் கேட்க "நல்ல மாடு, நல்ல மாடு" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும். கை உண்மையைச் சொல்லும். விரல் கொடுக்காமல் கையை மூடிக்கொண்டால் பேச்சு முடிந்தது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் அவமானம் இல்லை.

நாட்டாமை தோள் துண்டை எங்கள் கைகள்மேல் போட்டார். "கேளு. எடுக்கறவன்னா ஒரு வெரல் குடுப்பேன்."

நான் கேட்டேன். துண்டுக்குக் கீழே அவர் கை மூடியிருந்தது. உலர்ந்த புளியங்கொட்டையைப் போல இறுக்கமான கை.

"ஏன்?"

"அந்த வண்டில புளி கொண்டாந்தா கீழ எறங்கினதும் இன்னா நடக்கும்? நொடிஞ்சவன் வந்திருக்கான்னு வெலையக் கொறைப்பாங்க. உங்கப்பாரே கொறைப்பாரு. பளபளன்னு ஒரு கார்ல போய் எறங்கு, நாக்காலி போடுவாங்க. எனக்கு ஆசை இல்ல சாமி. கட்டுப்படியாவாது."

இன்னும் இரண்டு பேரை அவரே கூப்பிட்டார். ஒருவர் படவேட்டுக் கரும்புக்காரர், இன்னொருவர் கடுக்காய் ஏஜெண்ட். இருவர் பெயரும் என் நோட்டில் இருந்தன. வாய் "நல்ல வண்டி, நல்ல வண்டி" என்றது. இரண்டு கைகளும் மூடியிருந்தன. நாட்டாமை கடைசியில் துண்டை என் பக்கம் நீட்டினார்.

"நீ?"

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "நான்தான் முதல் பேரே எழுதியிருக்கேனே."

"எழுதறதும் வாயில சொல்ற மாரிதான்" என்றார். "பாய்கிட்ட போய்ச் சொல்லிடு. நான் சொன்னா நம்பமாட்டாரு. நீ சொன்னா சரின்னுவாரு."

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். பாய் கையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக்கொண்டு, என்னை வீட்டுக்குள் அழைத்துப் போய் நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பெயராக விரலை வைத்து நகர்த்திப் படித்தார். பதினான்கோடு மலைப் பெயர்கள் மூன்றும் சேர்ந்து பதினேழு. கடைசிப் பெயரில் விரல் நின்றது.

"எவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு, "இன்னும் ஏதாச்சும் சொல்லணுமா தம்பி?"

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கேட்டார்: "நல்லா கேட்டீங்களா தம்பி? வூட்ட வெக்கறாரு."

சுவரில் மணியடிக்காத கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. மூன்று கைகள், மூன்றும் மூடியவை என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் என் நோட்டு வெறும் காகிதம் ஆகிவிடும். மாடு பிடிக்கிற மலைக்காரரின் துண்டு என் மூன்று மாத விசாரணையைவிடப் புத்திசாலி என்று ஆகிவிடும். உங்கள் கை என்ன சொன்னது என்று பாய் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம் வேறு.

"நல்லாவே கேட்டேங்க" என்றேன்.

பாய் வீட்டையும் பட்டறையையும் அடமானம் வைத்து ஏலத்தில் எடுத்த எட்டு வண்டிகளும் ஆடிக்குள் தயாராகிவிட்டன. பட்டறை வேலியோரம் செங்காவி நிறத்தில் வரிசையாக நின்றன. கதவும் மினுக்கும் இல்லாத அவற்றை ஊர் மொட்டைவண்டி என்றது. பெயர் கொடுத்தவர்கள் வந்தார்கள். ஏறி ஓட்டினார்கள். "பிரமாதம் பாய்" என்றார்கள். ஒருவர், கதவு வைத்தால் வீட்டுப் பெண்கள் ஏறுவார்கள் என்றார். இன்னொருவர், இதை ஓட்டிப்போனால் என்னை டிரைவர் என்று நினைத்துவிடுவார்கள் என்றார். ரைஸ்மில் முதலாளி மட்டும் உள்ளதைச் சொன்னார்: "வண்டில ஒரு கொறையும் இல்ல பாய். இதுல போய் எறங்கினா எவனும் எழுந்து நிக்கமாட்டான்."

"ஒரு கதவுதானே பாய், வெச்சுத்தான் குடுங்களேன்" என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"கதவு இல்லாட்டி நின்னுடுமா?" என்றார். அன்று அந்தக் கேள்வியில் பழைய வேகம் இல்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல என் முகத்தைப் பார்த்தார். நான் லாரிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். அதற்குப் பத்து நாள் முன்னால் வேலூரிலிருந்து சீட்டுக்கு அழைப்பு வந்தது. கார் வந்தது. கறுப்பு நிறம், முகப்பு முழுக்க வெள்ளித் தகடு. பாய்க்குப் பத்திரிகை வைக்கப் போனபோது நான் பஸ்ஸில் போனேன்.

ஐப்பசியில் என் மனைவியை மலைச் சந்தைக்கு அழைத்துப் போனேன். விடாமல் மழை. அடமானக் கெடு தை முதல் தேதி என்று கேள்விப்பட்டிருந்தேன். பாய் அந்த வண்டிகளில் ஒன்றில் மூட்டை ஏற்றி மலைக்கு வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வண்டிகூட விற்கவில்லை. காட்டாறு பாதையைக் கடக்கும் இடத்தில் நான் வேகமாக விட்டேன். அக்கரை ஏற்றத்தில் பாதி ஏறியதும் என்ஜின் நின்றது. கார் மெல்லப் பின்னால் நழுவியது. நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. இடப்பக்கம் பள்ளம். என் மனைவி என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது.

சடாரென்று கார் நின்றது. யாரோ பின்சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டு பாய் நின்றார். அவருக்குப் பின்னால், ஆற்றின் ஓரத்தில், செங்காவி வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"தங்கச்சிய எறக்குங்க" என்றார். அவ்வளவுதான். அவளைத் தன் வண்டிப் பலகையில் உட்காரவைத்துத் தார்ப்பாயை இழுத்துவிட்டார். எங்கள் காரைச் சுற்றி முன்னால் வந்து கயிறு கட்டினார். இழுக்கத் தொடங்கினார். ஏழு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கயிறு விறைத்து நரம்புபோல அதிரும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

சந்தைக்கு ஒரு வளைவு இருக்கும்போது மழை விட்டது. நான் தலையை வெளியே நீட்டிக் கூவி நிறுத்தச் சொன்னேன்.

"பாய், அவங்கள இதுல ஏத்திக்கறேன்."

என் மனைவி கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். சந்தையில் அவள் அந்தப் பலகையில் இருந்து இறங்குவதை நான் விரும்பவில்லை. பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவளை இறக்கிவிட்டார்.

சந்தைக்குள் நுழைந்ததும் கூட்டம் சூழ்ந்தது. எங்கள் காரைத்தான். வெள்ளித் தகட்டைத் தடவினார்கள், கண்ணாடியில் முகம் பார்த்தார்கள். இழுத்துவந்த வண்டியை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒருவன் சொன்னான்: "கட்டி இழுத்துகினு வந்தாலும் ராசா மாரி வருது பாரு!" எல்லோரும் சிரித்தார்கள்.

பாய் கயிற்றை அவிழ்த்து நிதானமாகச் சுருட்டினார். நாட்டாமை கூட்டத்தில் நின்றிருந்தார். பாய் அவரிடம் போய் ஏதோ கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார். அவர் தோளிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டு பாய் என்னிடம் வந்தார்.

"அன்னிக்கு இவரு துண்டு போட்டுக் கேக்கச் சொன்னாராமே தம்பி. கேட்டீங்களா?"

ஆம் என்று தலையை ஆட்டினேன்.

"மூணு பேரும் கைய மூடிகினாங்களா?"

மறுபடி ஆட்டினேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வலக்கையைப் பிடித்தார். மேலே துண்டைப் போட்டார். "இப்ப நான் கேக்கறேன்" என்றார். "மொதல் பேரு உங்களுதுதானே. ஒண்ணு எடுத்துக்கிறீங்களா? ஒண்ணு போனாக்கூட கெடுவ மாசிக்குத் தள்ளிக் கேப்பேன்."

ஒரு விரல் கொடுத்தால் போதும். என்னிடம் பணம் இருந்தது. புளி ஏற்ற அந்த வண்டி எங்களுக்குத் தேவையும்கூட. கார்க் கண்ணாடி வழியாக என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் துண்டுக்குக் கீழே எதுவும் தெரியாது. அங்கே நானும் அவரும்தான்.

என் கை மூடியிருந்தது. நான் மூடியதாக நினைவில்லை.

அவருடைய சொரசொரப்பான விரல்கள் என் விரல்களைத் தேடின. ஒவ்வொரு கணுவாகத் தடவின. தேடுவதை நிறுத்தி, என் மூடிய கையை ஒரு நிமிஷம் தன் கைக்குள் வைத்திருந்தார்.

"இத அன்னிக்கே குடுத்திருந்தா வூடு இருந்திருக்கும் தம்பி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. துண்டை எடுத்து உதறி நாட்டாமையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

தையில் வீடும் பட்டறையும் கைமாறின. எட்டு வண்டிகளை ஆம்பூர்க்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்தார். கதவு வைத்தார், கறுப்புப் பெயிண்ட் அடித்தார், ரெக்ஸின் இருக்கை போட்டார், முகப்பில் வெள்ளித் தகடு பதித்தார். பாய் சொன்ன விலையைப் போல இரண்டு மடங்கு சொன்னார். எட்டும் மாசி முடிவதற்குள் போய்விட்டன. உள்ளே இருந்தது பாய் செய்த அதே என்ஜின். வாங்கியவர்களில் ஐந்து பேர் என் நோட்டில் இருந்தவர்கள்.

அதன்பின் பாயை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து, வாணியம்பாடியில், ஒரு தோல் ஷாப் வாசலில். அந்த எட்டில் ஒரு வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி, சுற்றி வந்து, பின்கதவைத் திறந்துவிட்டார். கண்ணமங்கலத்து ரைஸ்மில் முதலாளி இறங்கினார். வாசலில் இருந்த நாலு பேர் எழுந்து நின்றார்கள். கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பாய். காலர் வைத்த காக்கிச் சட்டை. அதில் இரண்டு பைகள்.

முதலாளி உள்ளே போன பிறகு நான் அருகே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"கதவெல்லாம் வெச்சுட்டாங்க போலிருக்கே பாய்."

அவர் கதவை ஒரு முறை திறந்து மூடிக் காட்டினார். சத்தமே இல்லாமல் மூடியது. கீலுக்கு அவரே எண்ணெய் விட்டிருக்க வேண்டும்.

"கதவு இல்லாட்டி எனக்கு வேலை ஏது தம்பி?" என்றார். பழைய நாட்களைப் போலவே, நான் ஒப்புக்கொள்ளும்வரை கண்ணை எடுக்கவில்லை.

பிறகு கையை நீட்டினார். துண்டு இல்லாமல், பட்டப்பகலில், வெறும் கை. நான் என் கையை ஜிப்பாப் பையிலிருந்து எடுக்க ஒரு கணம் தாமதித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார். பாய் போய்விட்டார். பைக்குள் என் கை மூடியே இருந்தது.